வராத நாற்காலி

அலுவலகத்தில் அவனுக்கு அகராதி என்று பெயர். வைத்தவன் எந்த அர்த்தத்தில் வைத்தானோ தெரியாது. 'அகராதி பிடிச்சவன்' என்று நாம் யாரைச் சொல்லுவோம் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் அதைத் தன் படிப்புக்குக் கிடைத்த பட்டமாகவே எடுத்துக்கொண்டு, யாராவது அப்படிக் கூப்பிட்டால் லேசாகத் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொள்வான். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்ய முடியும்?

ஏழு மொழிகளில் வணக்கம் சொல்வான். நான்கில் விலை கேட்பான். இரண்டில் வழி கேட்டு, வருகிற பதிலையும் புரிந்துகொள்வான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த மொழியில் போனில் பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, இறங்கியதும் அதில் ஒரு வார்த்தையையாவது முணுமுணுத்துப் பார்ப்பான். அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. கலப்படமில்லாத ஆசை அது. ஆனால் மற்ற மொழிகள் எல்லாம் அவனுக்குப் பொழுதுபோக்கு, இங்கிலீஷ்தான் சம்சாரம். பயம், கோபம், விடாமல் வாசலில் போய் நிற்பது எல்லாம் அதனிடம்தான். வேலை முடிந்து மொழிப் பயிற்சி நிலையத்துக்குப் போவான். தன்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுவான். எழுத்தில் அவனை யாரும் அசைக்க முடியாது. பேச ஆரம்பித்தால்தான் சங்கடம். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் எழுதி, திருத்தி, நகல் எடுத்து, பிறகுதான் வெளியே விடுவான். அதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

அவன் வேலை பார்த்தது ஒரு பார்சல் கம்பெனியில், தரைத்தளத்தில். சீட்டு கிழிந்த, முகவரி நனைந்து அழிந்த பெட்டிகள் எல்லாம் அவன் மேஜைக்கு வரும். பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பதை வைத்து யாருடையது என்று கண்டுபிடித்து, புதுச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். பேச்சே தேவைப்படாத வேலை. மாடியில் கண்ணாடி அறைகள் இருந்தன. அங்கே வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தனி லிஃப்ட் கிடையாது, தனி கேண்டீன் கிடையாது, சம்பளம்கூட அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால் அவர்கள் நாளெல்லாம் இங்கிலீஷ் பேசினார்கள். அதற்கு மேல் ஒரு சொர்க்கம் இருப்பதாக அகராதிக்குத் தெரியாது. அங்கே ஓர் இடம் காலியாகிறது, கம்பெனி ஆட்களுக்கே தேர்வு வைத்து எடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. இதை விட்டால் ஆயுசுக்கும் கிழிந்த சீட்டுத்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

தேர்வு என்றால் போனில் பேசிக் காட்ட வேண்டும். பேசிப் பழக ஆள் வேண்டும். அப்படித்தான் மனைவியைப் பிடித்தான்.

அவள் செடிகொடிப் படிப்பில் பட்டம் வாங்கியவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆய்வுக்கூடத்தில் விதைகளைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். அவன் வேலைக்காக இந்த ஊருக்குக் குடிவந்தபோது அதை விட்டாள். இங்கிலீஷ் அவளுக்கும் கொஞ்சம் வரும். ஆனால் பத்து வருஷமாகப் பெட்டிக்குள் மடித்து வைத்த துணிபோல அது அப்படியே கிடந்தது.

ஏற்பாடு இதுதான். சாயங்காலம் அவன் படுக்கையறையில், மேஜைக்கு முன்னால், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்காருவான். அவள் சமையலறையில் செல்போனோடு நிற்பாள். நடுவில் ஒரு சுவர். அவள்தான் வாடிக்கையாளர். பார்சல் வராமல் கொதித்துப் போயிருப்பவள். அவன் கம்பெனி ஆள். அவள் கூப்பிட வேண்டும், கோபப்பட வேண்டும். அவன் இங்கிலீஷில் சாந்தப்படுத்த வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் போனில் சண்டை போட்டுக்கொள்வதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

முதல் வாரம் அவள் தடுமாறினாள். வார்த்தை கிடைக்காமல் சிரித்துவிடுவாள். அவன் திருத்துவான், சந்தோஷமாகத் திருத்துவான். இரண்டாம் வாரத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அவள், உங்கள் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, அதைப் பிரித்தால் உள்ளே என் பொருள் இருக்குமா என்று கேட்டாள். இங்கிலீஷில், மூச்சு விடாமல். அவன் எழுதி வைத்திருந்த அடுத்த வாக்கியம் இன்னொரு மன்னிப்பு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டான்.

"ஏங்க, கட் ஆயிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சார்ஜ் இல்ல" என்றான்.

அன்றைக்குத்தான் அது ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு புகைச்சல். அது என்னவென்று அவனுக்குத் தெரியும். பொறாமைக்கு ஏழு மொழியிலும் வார்த்தை தெரிந்தவனுக்கு அது வந்தால் தெரியாதா? ஆனால் கட்டின பெண்டாட்டி மேல் பொறாமை என்று எந்த மொழியில் ஒத்துக்கொள்வது? பயிற்சி சரியாக நடக்கவில்லை, அதனால் எரிச்சல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நடந்த பேச்சு ஒன்றைப் பதிவு செய்து பயிற்சி நிலையத்து ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான், தன் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இந்த அம்மா யாரு? எங்க படிச்சாங்க?" என்றார். அவன் பேசியதைப் பற்றி மூச்சே இல்லை. தெரிந்தவர் ஒருத்தர் என்று சொல்லி வைத்தான். அந்த அம்மாவை ஒருநாள் வகுப்புக்குக் கூட்டி வரச் சொன்னார் ஆசிரியர், பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு நல்லது என்றார். அவன் சரி சரியென்று தலையாட்டினான். வீட்டுக்கு வந்து அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் முதல் அவன் புது விதி கொண்டுவந்தான். வாடிக்கையாளர் இஷ்டத்துக்குப் பேசினால் பயிற்சி கெட்டுப்போகிறது, இனிமேல் இரண்டு பேர் பேசுவதையும் நானே எழுதித் தருகிறேன், அதை மட்டும் சொல் என்றான். எழுதியும் கொடுத்தான். அவனுடைய வாடிக்கையாளர் நாகரிகமானவள். இரண்டு வரி கோபப்பட்டுவிட்டு, மூன்றாவது வரியில் மனம் இரங்கி, உங்கள் விளக்கத்துக்கு நன்றி என்பாள். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் உலகத்தில் எங்கே இருக்கிறாள்?

அவள் தாளைப் பார்த்துப் படித்தாள். குரலில் உயிரே இல்லை. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டான்.

மேஜை போனில் பேசினால்தான் நிஜமாக இருக்கும் என்பதால், மதிய இடைவேளையில் அலுவலகத்துக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் தரைத்தளத்தில் ஆள் இருக்காது. அவன் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு. எடுத்ததும் நான்தான் என்று சொல்லக் கூடாது, நேராக வாடிக்கையாளராக ஆரம்பித்துவிட வேண்டும். இன்னொன்றும் சொல்லியிருந்தான், கொஞ்சம் பந்தாவாகவே. ஒருநாள் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுவேன், அப்போதும் நிறுத்தாதே, அதுவும் பயிற்சிதான் என்று. சொன்னதோடு சரி, யாரிடமும் அவன் போய்ச் சொல்லவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. மதியம் அவன் கேண்டீனில் தாமதித்துவிட்டான். பார்சல்களைக் கருவியால் படிக்கிற பையனுக்கு, அவனை எல்லோரும் ஸ்கேனர் என்பார்கள், அகராதி எட்டாவதாக ஒரு மொழியில் வணக்கம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் கீழே அவன் மேஜை போன் அடித்திருக்கிறது. மாடிப் பிரிவின் மேலாளர், மேடம் என்றால் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான், ஏதோ பெட்டியைத் தேடிக் கீழே வந்தவர், அடிக்கிற போனைச் சும்மா விடமாட்டாத பழக்கத்தில் எடுத்துவிட்டார்.

அவன் திரும்பி வந்தபோது தரைத்தளம் தலைகீழாகக் கிடந்தது. அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஏணி போட்டு மேல் தட்டில் ஒருத்தன் தவழ்ந்துகொண்டிருந்தான். மேடம் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"ஒரு நாற்காலி வந்திருக்கணும்" என்றார் அவனிடம். "ஒரு அம்மா ரொம்ப நாளா அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க சொன்ன நம்பர் நம்ம கம்ப்யூட்டர்லயே இல்ல. உங்க கையில ஏதாவது சீட்டு கிழிஞ்ச நாற்காலி வந்துச்சா?"

அகராதி முகத்தில் ஈயாடவில்லை. அந்த எண் அவன் எழுதிக் கொடுத்த எண். கோபமும் அவன் எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் நாற்காலி? அவன் எழுதிய தாளில் நாற்காலியே கிடையாதே. பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் யோசித்ததே இல்லை. குட்டு உடைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டான். கம்பெனி போனில் பெண்டாட்டியை வைத்து நாடகம் ஆடினவனை மாடிக்கு எடுப்பார்களா? வந்ததாக நினைவில்லை மேடம் என்று சொல்லிவிட்டு, அவனும் ஏணியைப் பிடித்து ஏறினான். சாயங்காலம்வரை இல்லாத நாற்காலியை எல்லோரோடும் சேர்ந்து தேடினான். தூசியில் தும்மல் வேறு.

வீட்டுக்குப் போனால் அவள் முகம் விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"யாரையோ எடுக்க வெச்சீங்களே, யாருங்க அது? என்ன அருமையாப் பேசினாங்க. நீங்க எழுதிக் குடுத்ததை நான் படிச்சுக்கிட்டே வந்தேன். நடுவுல அவங்க, பார்சல்ல என்ன இருக்குன்னு கேட்டுட்டாங்க. தாள்ல அது இல்லையே. நானா சொல்ல வேண்டியதாப் போச்சு."

ஆபீசில் ஒருத்தி என்றான். இனிமேல் அங்கே கூப்பிடாதே, வேலை நேரத்தில் தொந்தரவு என்று ஆகிவிட்டது என்றான். நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. நாற்காலி என்பதுதான் தெரியுமே. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தான். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்து, அவன் சட்டையை மாட்டப் போவதைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து மேடம் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார். அலுவலகத்தில் எல்லா மேஜை போனும் பதிவாகும். அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டினார். இத்தனை வருஷமாக வாடிக்கையாளர்களோடு பேசுகிறேன், இந்த அம்மாவை மறக்க முடியவில்லை, தேர்வுக்கு இதைத்தான் வைக்கப் போகிறேன், நான் பேசுகிற இடங்களை மௌனமாக்கிவிடுவோம், அங்கே நீங்கள் பேசிக் காட்ட வேண்டும் என்றார்.

முதலில் அவன் எழுதிக் கொடுத்த வரிகள் வந்தன. கட்டையாக, ஒப்பிப்பதுபோல. அகராதி தலைகுனிந்து நின்றான். பிறகு மேடத்தின் குரல், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறீர்களா, தேடச் சுலபமாக இருக்கும் என்று கேட்டது. தாள் மடிக்கிற ஓசை கேட்டது.

பிறகு அவள் பேசினாள், இங்கிலீஷில், அவசரப்படாமல். ஒரு நாற்காலி என்றாள். பெரிதாக ஒன்றுமில்லை, முதுகு சாய ஒரு பலகை இருந்தால் போதும் என்றாள். எங்கள் வீட்டில் ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் இருக்கிறது, என் கணவர் படிக்கிறவர், அதனால் அது அவருக்கு என்றாள். நானும் படிக்கிறேன், அது அவருக்குத் தெரியாது, காய் நறுக்குகிற மேடையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே படிக்கிறேன், உட்கார்ந்து படித்தால் இன்னும் நன்றாக வரும் என்று தோன்றுகிறது என்றாள். அதற்கு மேடம் ஏதோ சொல்ல, இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நீண்டுகொண்டே போனது.

"யாரும்மா அந்தப் புருஷன்?" என்றான் ஸ்கேனர் சத்தமாக. "ஒரு நாற்காலி வாங்கிப் போட வக்கில்லாம என்னத்தப் படிச்சுக் கிழிச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அகராதியும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா.

நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு அங்கே வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு வந்தது அதுதான், அந்தப் பழைய புகைச்சல். இப்போது அது புகைச்சலாக இல்லை, பற்றி எரிந்தது. எவ்வளவு சுலபமாகப் பேசுகிறாள். எவ்வளவு வருஷம் நான் படித்தேன். எந்த வகுப்புக்கு இவள் போனாள், எந்தத் தேர்வை எழுதினாள்? அவள் அந்த மொழிக்குள் தன் வீட்டுக்குள் நடப்பதுபோல விளக்குப் போடாமலே நடந்து போகிறாள். நான் இன்னும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் அந்தச் சிரிப்பு. யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் சிரிக்கிறாள். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது? இவ்வளவையும் நினைத்தானே ஒழிய, அந்த மேடம் கேட்ட ஒரே கேள்வியை ஏன் நான் ஒருநாளும் கேட்கவில்லை என்று மட்டும் நினைக்கவில்லை.

அன்று முதல் வீட்டில் பயிற்சியை நிறுத்திவிட்டான். தனியாகப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். தேர்வுக்கு முந்தின நாள் அவள் ஏனோ சும்மாச் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டாள், பேனாவில் மை இருக்கிறதா என்று கிறுக்கிப் பார்த்தாள். நாளைக்கு மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க, எதையும் எழுதிவெச்சுப் பேசாதீங்க என்றாள். எனக்கே பாடம் எடுக்க வந்துவிட்டாளா என்று அவனுக்குச் சுருக்கென்றது.

தேர்வு ஒரு சின்னக் கண்ணாடி அறையில் நடந்தது. காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்கள். எதிரே மேடம் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அவள் குரல் வந்தது, காதுக்குள், இவ்வளவு பக்கத்தில் அவள் பேசிக் கேட்டதே இல்லை என்கிற மாதிரி. இடைவெளி வந்ததும் அவன் பேசினான். நன்றாகவே பேசினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். வருத்தம் தெரிவித்தான், பொறுமைக்கு நன்றி சொன்னான். வாக்கியங்கள் இஸ்திரி போட்ட சட்டைபோல மடிப்புக் கலையாமல் வந்தன. இரண்டாவது இடைவெளி, மேடம் அந்தக் கேள்வியைக் கேட்ட இடம். அவனுக்கும் அந்தக் கேள்வி நினைவிருந்தது. ஆனால் வாய் பழகின பாதையில் போய்விட்டது. உங்கள் பார்சல் எண்ணைத் தயவுசெய்து இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டான்.

அவன் எண்ணைக் கேட்டான். அவள் நாற்காலியைச் சொன்னாள்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். முடியும்வரை ஓடவிட்டு, அவன் ஹெட்ஃபோனைக் கழற்றக் காத்திருந்தார்.

"உங்க இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல" என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். இந்த அம்மா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டதில் கோபம் இல்லை. குரலில் ஒரு சிரிப்புக்கூட ஒளிந்திருந்தது. சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரிதான் மேடம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்து இந்த அறையில் தனக்கு இடம் இல்லை என்று அவனுக்குப் பட்டது. பிறகு அந்த நாற்காலிக்காரியின் புருஷன், அவ்வளவுதான். ஸ்கேனர் கேட்ட கேள்விக்குப் பதில். மாடி இவளுக்கு, கிழிந்த சீட்டு எனக்கு. அந்த எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"தெரியாது மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

"தெரியாது மேடம். கேட்ட குரல் மாதிரியே இல்ல."

மேடம் குறிப்பேட்டை மூடினார். பிறகு, சரி, நீங்க போகலாம் என்றார்.

வீட்டில் அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தாள். எப்படி நடந்தது என்றாள். நன்றாக நடந்தது என்றான். என்ன கேட்டார்கள் என்றாள். வழக்கமானதுதான் என்றான்.

"வேற எதுவும் கேக்கலையா? பொதுவா ஏதாவது?"

"என்ன கேக்கணும்? ஒண்ணும் கேக்கல."

அவள் முகத்தில் அத்தனை நாளாக இருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. ஏதோ குழம்பினவள்போல அவனைப் பார்த்தாள். சரி, கை கால் கழுவிட்டு வாங்க என்று சமையலறைக்குப் போனாள். அவன் படுக்கையறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினான்.

சமையலறையில் அவள் போன் அடித்தது. எடுத்தாள். இங்கிலீஷில், மேடம் நீங்களா என்றாள்.

அவன் கையில் காலணியோடு அப்படியே இருந்தான். அந்தக் குரலில் புதிதாக அறிமுகமானவரிடம் பேசுகிற தயக்கம் இல்லை. நேற்றும் பேசியிருக்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. நாற்காலி கிடைக்கவில்லை என்று சொல்ல, அன்றைக்கு மேஜை போனில் பதிவான எண்ணுக்கு மேடம் கூப்பிட்டிருக்க வேண்டும். இவள் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நேற்றைய சிரிப்பெல்லாம் அதற்குத்தான். எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தான். அவள் மேடையில் ஒரு கையை ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள், ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"என்னைத் தெரியாதுன்னா சொன்னீங்க?"

அவன் காலணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நேத்து அவங்க என்னை மாடி வேலைக்கு வரச் சொன்னாங்க. நான்தான், முதல்ல அவருக்குக் குடுங்க, நாளைக்கு அவர்கிட்டயே கேளுங்க, என் பேரைப் பெருமையாச் சொல்லுவாருன்னு சொன்னேன்."

அவன் கையில் இன்னும் அந்தக் காலணி இருந்தது. ஏழு மொழியில் எதிலாவது ஒரு சொல் கிடைக்குமா என்று தேடினானோ என்னவோ, ஒன்றும் வரவில்லை. அவள் போனிலிருந்து கையை எடுத்தாள். இங்கிலீஷில் பேசினாள். என் கணவரைத் தப்பாக நினைக்காதீர்கள் மேடம் என்றாள். மெஷினில் கேட்கும்போது குரல் மாறிவிடுகிறது, எனக்கே என் குரல் அடையாளம் தெரியாது, லைனும் சரியில்லாமல் இருந்திருக்கும் என்றாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. அவனுக்காக அவள் சொல்லிய பொய் அவனுடைய எந்த உண்மையைவிடவும் சுத்தமான இங்கிலீஷில் இருந்தது.

மறுபடி அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இந்தத் தடவை அவள் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, வருகிறேன் என்றாள். திங்கட்கிழமையே வருகிறேன்.

அவன் உள்ளே போனான். நாற்காலி முதுகில் தொங்கிய சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தச் சின்னச் சமையலறையில் அதை எப்படி வைத்தாலும் எதிலாவது இடித்தது. ஒருவழியாக அவளுக்குப் பின்னால் வைத்து, உட்கார் என்று கையால் காட்டினான். அவள் பேச்சை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள். குறித்துக்கொள்ளப் பென்சில் எடுக்க வேண்டியிருந்தது. இழுப்பறையைத் திறக்க நாற்காலி குறுக்கே நின்றது. காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பென்சிலை எடுத்து, மேடையில் குனிந்து, நின்றபடியே எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.

அகராதி சுவரோடு ஒட்டி நின்றான். அவள் ஏதோ கேட்டாள், ஏதோ சொன்னாள், ஒரு இடத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. காது மட்டும், எங்காவது ஒரு பிழை வருமா என்று அப்போதும் தேடிக்கொண்டிருந்தது. கடைசிவரை ஒன்றும் வரவில்லை.